தலை உனக்கு, வால் எனக்கு!

டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் நடுவே ஓரசுண்ட் ஜலசந்தி. அதன் கிழக்குக் கரையில் இருக்கும் ஸ்கோனே, ஒரு காலத்தில் டென்மார்க்கின் மண். 1658-ல் சுவீடன் பிடுங்கிக்கொண்டது. பழைய பகை!

2000-ல் குறுக்கே பாலம் திறந்தார்கள். பெயர் வைப்பதில் சிக்கல். முதல் எழுத்தில் டேனிஷ்காரர் கோடு கிழிப்பார். சுவீடன்காரர் புள்ளி வைப்பார். கடைசியில் தலை டேனிஷ், வால் சுவீடிஷ் என்று கலப்புப் பெயர். சபாஷ்!

ஆனால், பணம் போட வருகிறவனுக்கு ஓரசுண்ட்டைத் தெரியுமா? கோபன்ஹேகன்தானே தெரியும்! கப்பல் தொழில் படுத்து, ராட்சத கிரேனையே 2002-ல் கொரியாவுக்கு அனுப்பிய ஊர், ஸ்கோனேயின் மால்மோ. கௌரவம் சோறு போடுமா? 2016-ல் இரு கரைக் கூட்டமைப்பு 'கிரேட்டர் கோபன்ஹேகன்' என்ற பெயரை முன்னால் மாட்டிக்கொண்டது.

வாளால் போன ஸ்கோனே, விளம்பரப் பலகையில் திரும்பி வந்தது!