கொடைக்கானல் நகர மரவளம்

பழனி மலையின் மேற்பரப்பில் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் மரங்களைப் பெருக்கவும் காக்கவும் நடந்த முயற்சிகளின் வரலாறு இது. 1845இல் அமெரிக்க மதுரை மிஷனார் இங்கு முதல் வீடுகளைக் கட்டியபோது, நீரோடும் மடிப்புகளில் சோலைக்காடும் சரிவுகளில் புல்வெளியும் இருந்தன. அந்தப் புல்வெளியை வெறும் தரிசாகப் பார்த்ததுதான் பிற்காலச் சிக்கல்களுக்கு வேர். விறகுக்கென ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸும் வாட்டில் எனப்படும் சீகையும் வந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வன அதிகாரி பிரயன்ட் பைன் நட்டார்; 1908இல் அவர் அமைத்த பூங்கா இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. விடுதலைக்குப் பின் தோல் பதனிடவும் கூழ் ஆலைகளுக்கும் இம்மரங்களின் தோட்டங்கள் பரவின. 1973 முதல் 2014 வரை பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்ததை ஓர் ஆய்வு காட்டியது. மரம் கூடியது, மலை இளைத்தது.

கொடைக்கானல் நகராட்சி 1899இல் உருவானது. ஆனால் இங்கே மரத்தின் மீதான அதிகாரம் அதனிடம் மட்டும் இல்லை. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அதற்கென அமைந்த குழுவின் அனுமதி வேண்டும். 1990இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் வந்தது. கட்டட விதிகளை எழுதியவர்களே அவற்றைத் தளர்த்தியதும் உண்டு: ஒரு விடுதி கூடுதல் மாடிகள் எழுப்ப அரசு தந்த விலக்கை, பழனி மலைப் பாதுகாப்புக் குழு தொடுத்த வழக்கில் 1995இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1985இல் தொடங்கிய இக்குழு நாற்றங்கால்களும் நடத்தியது. குடிமக்கள் இப்படிக் காவல் நிற்காதிருந்தால் சட்டம் ஏட்டோடு போயிருக்கும்.

2013இல் இம்மலையின் ஒரு பகுதி கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமானது. 2022இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றும் கொள்கையை வெளியிட்டது. ஆனால் எல்லாத் தோட்டத்தையும் ஒரேயடியாக மொட்டையடிப்பது தவறு. சோலை நாற்றுகள் வெயிலில் கருகும், நிழல் கேட்கும். முதிர்ந்த சீகைத் தோட்டங்களின் நிழலில் அவை தாமாகவே முளைத்து வருவதை, சோலை நாற்றங்கால் நடத்திய வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையினர் கண்டனர். புல்வெளியை மீட்க நினைக்கும் சரிவிலோ அதே சீகை, வெட்டிய பின்னும் மண்ணில் கிடக்கும் விதையிலிருந்து கிளம்புகிறது. ஆண்டுதோறும் பிடுங்கியாக வேண்டும்.