ஒரு முகமும் ஓர் உடலும்

டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதியில், சில்கபோர்க்கிலிருந்து ஆர்ஹஸுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இரண்டு ஊர் அருங்காட்சியகங்களிலும் ஆளுக்கொருவர் கண்ணாடிக்குள் படுத்திருக்கிறார்கள். இருவரும் ஏறத்தாழ 2,300, 2,400 ஆண்டுகளுக்கு முன் கொல்லப்பட்டுச் சதுப்பில் இடப்பட்டவர்கள். இருவரையும் கண்டெடுத்தவர்கள் அடுப்பெரிக்கச் சதுப்புக்கரி வெட்டப் போனவர்கள். இரண்டு தடவையும் செய்தி கேட்டு வந்து பார்த்த அறிஞரும் ஒருவரே: ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பி. வி. குளோப். ஆனாலும் சில்கபோர்க்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் பாதிக் கதையோடுதான் வருகிறார், அதுவும் இனிப்பான பாதியோடு.

சில்கபோர்க்கில் இருப்பவர் டோலுண்ட் மனிதர். 1950 மே மாதம் அவரைத் தோண்டியெடுத்தபோது, அண்மையில் நடந்த கொலை என்று நினைத்து முதலில் போலீஸைத்தான் அழைத்தார்கள். அப்படி நினைத்ததில் வியப்பில்லை. தலையில் ஆட்டுத்தோல் குல்லாய், இடுப்பில் தோல் கச்சை, மூடிய இமைகள், நெற்றிச் சுருக்கம். குனிந்து பார்த்தால் மோவாயில் ஓரிரு நாள் மழிக்காத தாடி முள்முள்ளாகத் தெரிகிறது. கழுத்தில் பின்னிய தோல்கயிறு. கயிற்றைக் கண் பார்க்கும். மனம் பதிவு செய்யாது. அந்த முகத்தின் அமைதி அப்படி. பெரியவர் யாரோ மதியத் தூக்கம் போடுகிறார் என்றுதான் தோன்றும்.

ஒன்று சொல்ல வேண்டும்: அங்கே அசலாக இருப்பது முக்கியமாக அந்தத் தலைதான். கோபன்ஹேகனில் தேசிய அருங்காட்சியகம் ஆராய்ந்தபோது முழு உடலையும் காப்பாற்றும் வழி கைவசம் இல்லையென்று தலையை மட்டும் மெழுகேற்றிப் பதப்படுத்தினார்கள். அதிலேயே தலை சற்றுச் சுருங்கிவிட்டது. உடல் காய்ந்து பல இடங்களுக்குச் சிதறியது. கால் பெருவிரல் ஒன்றை, பதப்படுத்தியவரின் குடும்பம் 2016இல்தான் திருப்பிக் கொடுத்தது. இன்று கண்ணாடிக்குள் தலையோடு சேர்ந்து கிடக்கும் உடல், பழைய படங்களைப் பார்த்து 1987இல் செய்யப்பட்டது.

இந்த அனுபவம் கைகொடுத்ததோ என்னவோ, 1952 ஏப்ரலில் கிரௌபல்லே ஊர்ச் சதுப்பில் அடுத்தவர் அகப்பட்டதும் ஆர்ஹஸ்காரர்கள் அவரைத் தலைநகருக்கு அனுப்பவில்லை. முழு உடலையும் தாங்களே காப்பாற்றுவதென்று முடிவெடுத்தார்கள். சதுப்புப் பாசியின் அமிலமும் குளிரும் காற்றுப் புகாத நீரும் சேர்ந்து தோலைப் பாதி பதனிட்டிருந்தன. முடி செம்பட்டையானதும் எலும்பு இளகியதும் அதனால்தான். சதுப்பு விட்ட இடத்திலிருந்து மனிதர்கள் தொடர்ந்தார்கள். ஓக் மரப்பட்டைச் சாற்றில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஊறவைத்தார்கள். நம்மூரில் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிடுவார்களே, அதே வேலைதான்.

பதனிடுமுன் சில நாட்கள் மக்கள் பார்வைக்கு வைத்தபோது கூட்டம் அலைமோதியது. உள்ளூர் மூதாட்டி ஒருவர், இது 1887இல் காணாமல்போன சிவப்புக் கிறிஸ்தியன் என்ற குடிகாரக் கரிவெட்டி என்று அடையாளம் சொல்ல, ஊர் இரண்டுபட்டது. அப்போதுதான் புதிதாக வந்திருந்த கார்பன் காலக்கணிப்பு அந்த வழக்கைத் தீர்த்துவைத்தது.

அவரை இன்று ஆர்ஹஸுக்குத் தெற்கே மோஸ்கோர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 2014இல் திறந்த புதுக் கட்டடம். புல் வளர்ந்த சரிவுக் கூரையில் மக்கள் ஏறி உட்காருகிறார்கள், பனிக்காலத்தில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். உள்ளே படிக்கட்டில் ஆதி மனித இனங்கள் உயிருள்ளவைபோல நிற்கின்றன. ஒலி, ஒளி, படம் என்று காசு செலவழித்திருப்பது தெரிகிறது. சில்கபோர்க்கின் அருங்காட்சியகமோ பழைய பண்ணை மாளிகை. அங்கே டோலுண்ட் மனிதரோடு, 1938இல் அதே சதுப்பில் கிடைத்த எல்லிங் பெண்ணும் இருக்கிறார். அவருடைய நீண்ட பின்னலை யாரோ பொறுமையாகப் பின்னியிருக்கிறார்கள். சிறிய இடம்தான் மனதில் நிற்கும் என்று சொல்லத் தோன்றும். கட்டடத்தைப் பொறுத்தவரை அது சரிதான்.

ஆனால் உண்மைக்கு அருகில் கொண்டுபோவது மோஸ்கோரில் கிடப்பவர். முகம் நசுங்கியிருக்கிறது; ஒரு கால் மடங்கியிருக்கிறது. குல்லாய் இல்லை, கச்சை இல்லை, துணியே இல்லை. கழுத்து ஒரு காதிலிருந்து மறு காதுவரை அறுக்கப்பட்டிருக்கிறது. கைகளைப் பாருங்கள்: நகங்கள் இருக்கின்றன, ரேகை எடுக்கும் அளவுக்கு விரல்தோல் கெடாமல் இருக்கிறது. யாரும் அவரைத் தூங்குகிறார் என்று சொல்ல மாட்டார்கள்.

முழு உடல் இருந்ததால் பழைய ஊகங்களைச் சரிபார்க்கவும் முடிந்தது. மண்டை உடைந்தது அடியால் என்று முன்பு நினைத்தார்கள். 2001, 2002இல் ஸ்கேன் எடுத்து ஆராய்ந்தபோது, அது இறந்தபின் ஏற்பட்டது என்று தெரிந்தது. வயிற்றில் எர்கட் பூஞ்சை இருந்ததால் போதையேற்றிக் கொன்றார்கள் என்ற கதையும், அதன் அளவு போதாது என்பதால் வலுவிழந்தது. டோலுண்ட் மனிதரின் குடலும் தப்பியதால், 2021இல் வெளியான ஆய்வு அவரது கடைசிச் சாப்பாடு பார்லி, ஆளிவிதை, களைவிதைகள் போட்ட கஞ்சியும் மீனும் என்று சொன்னது. அந்தக் காலத்து ஜட்லாந்தில் இறந்தவர்களை எரிப்பதே வழக்கம். எரிக்காமல் சதுப்பில் இட்டதால் இருவரும் தெய்வத்துக்குப் பலியானவர்கள் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. சில்கபோர்க்கில் நிற்கும்போது இதை நம்பக் கஷ்டமாக இருக்கும்.

பழங்காலத்து முதுமக்கள் தாழிகள் புதைந்த நம் ஆதிச்சநல்லூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஜெர்மானியரான ஜாகோர் 1876இல் தோண்டி எடுத்தவை பெர்லினுக்கும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் போய்ச் சேர்ந்தன. தோண்டிய குழியைக் கண்ணாடித் தரைக்குக் கீழே பார்க்கும் வசதி அந்த மண்ணிலேயே வந்தது 2023இல்தான். நம் தாழிகளில் தோலும் முகமும் மிஞ்சுவதில்லை, எலும்பே பெரும்பாடு. ஆகவே அழகான முகத்தில் மயங்கும் ஆபத்து நமக்கில்லை; பொருள் எந்த ஊரில் இருப்பது என்ற வழக்கு மட்டும் இருக்கிறது. கிரௌபல்லேக்காரரை ஜட்லாந்திலேயே வைத்துக்கொண்டவர்கள் அந்த வழக்கில் சரியான பக்கம் நின்றவர்கள் என்பது என் எண்ணம்.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறதென்றால் காலையில் சில்கபோர்க், பிற்பகலில் மோஸ்கோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போனால், அறுபட்ட கழுத்தைப் பார்த்த கண்ணை டோலுண்ட் மனிதரின் முகம் மறுபடியும் சமாதானப்படுத்திவிடும்.