எம்டன் முதல் செங்கடல் வரை: நம்ம துறைமுகம் சொல்லும் பாடம்



"நம்ம ஏரியா சரித்திரமா இருக்கணும், ஆனா பசங்க நாளைக்கு வேலைக்குப் போகும்போது உதவவும் செய்யணும்" என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நான் படித்தது பொறியியல், பார்ப்பது ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேலை. வெளிநாட்டிலிருந்து உதிரி பாகங்கள் வரவழைப்பதுதான் என் அன்றாடப் பிழைப்பு. அதனால் எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தையே எழுதுகிறேன். எங்கோ இரண்டு நாடுகள் மோதிக்கொண்டால், கல்மண்டபத்தில் இருப்பவன் சட்டைப்பை ஏன் காலியாகிறது? இதைத்தான் இப்போது பெரிய படிப்புகளில் 'புவிசார் அரசியல் அபாயம்' என்று பாடமாக வைத்திருக்கிறார்கள். நம் ஊருக்கு அந்தப் பாடம் 1914-லேயே நடத்தப்பட்டுவிட்டது.

வாத்தியார் பெயர் எம்டன்

"அவன் சரியான எம்டன்டா!" என்று நம் வீடுகளில் சொல்வது எல்லோருக்கும் தெரியும். பலே கில்லாடி, யாருக்கும் பிடிபடாதவன் என்று பொருள். அந்தச் சொல் ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர். அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். சீனாவின் சிங்டாவ் துறைமுகத்தில் இருந்த ஜெர்மன் படைப்பிரிவைச் சேர்ந்த கப்பல் அது. 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியதும், தனியாகப் பிரிந்து இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தது. அதற்கு இருந்தவை மூன்று புகைபோக்கிகள். நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி கட்டிக்கொண்டு, தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல் மாதிரி தெரியும்படி வேஷம் போட்டது.

1914 செப்டம்பர் 10 முதல் 14 வரை, ஐந்தே நாட்களில், வங்காள விரிகுடாவில் அது இண்டஸ், லோவட், கில்லின், டிப்ளமேட், டிராபாக், கிளான் மாதேசன் என்று ஆறு சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தது. டிப்ளமேட்டில் இருந்தது தேயிலை. பிடிபட்ட கப்பல்களில் கிடைத்த செய்தித்தாள்களில், எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து எப்போது கிளம்புகிறது என்ற விவரம் அச்சாகியிருந்தது. அதையெல்லாம் படித்துத்தான் முல்லர் அடுத்த வேட்டைக்குப் போனார். வியாபாரிகளின் வசதிக்காகப் போட்ட பட்டியலே எதிரிக்கு வழிகாட்டி ஆயிற்று!

இடையில் லொரெடானோ என்ற இத்தாலியக் கப்பல் எதிர்ப்பட்டது. இத்தாலி அப்போது நடுநிலை நாடு என்பதால் முல்லர் அதை விட்டுவிட்டார். அந்தக் கப்பல்தான் போய்ச் செய்தியைச் சொன்னது. சொன்ன உடனே கொழும்பு - கல்கத்தா வழியில் கப்பல் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. கடலில் இருந்தது ஒரே ஒரு எதிரிக் கப்பல். நின்றது ஒரு வளைகுடாவின் வியாபாரம் முழுவதும்.

அரை மணி நேரத்து இரவு

செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி அளவில் எம்டன் மதராஸுக்கு எதிரே வந்து நின்றது. கரையில் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. கப்பல் தன் சர்ச்லைட்டைப் போட்டு, துறைமுகத்தை ஒட்டி இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் டாங்குகளைக் குறிவைத்துச் சுட்டது. அதில் இருந்தது ரங்கூன் பக்கமிருந்து வந்த கிருஷ்ணாயில். நம் பாட்டிமார் விளக்குக்கு ஊற்றிய அதே எண்ணெய்தான். ஏறக்குறைய 125 குண்டுகள். இரண்டு டாங்குகள் தீப்பிடித்து எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பலும் அடிபட்டது. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். கரையில் இருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டும் பயனில்லை. விளக்கை அணைத்துக்கொண்டு எம்டன் போய்விட்டது. ஒரு குண்டு விழுந்த இடத்தை உயர் நீதிமன்ற மதிலில் உள்ள கல்வெட்டு சொல்கிறது. பாரிமுனைப் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம்.

(கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று ஒரு கதை நம்மிடையே வழங்குகிறது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை. அந்தச் சமயத்தில் அவர் ஐரோப்பாவில் இருந்தார்.)

இப்போது ஒரு பொறியாளனாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். உயிரிழப்பை எந்தக் கணக்கிலும் அடக்க முடியாது, அதைத் தனியே வைத்துவிடுவோம். பொருள் நஷ்டம் என்று பார்த்தால், இரண்டு டாங்கு எண்ணெய். ஒரு பெரிய கம்பெனிக்கு அது தாங்க முடியாத நஷ்டம் அல்ல. ஆனால் அடுத்த நாள் முதல் ஜனங்கள் ரயிலேறியும் வண்டி கட்டியும் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். கப்பல்கள் வரத் தயங்கின. இன்சூரன்ஸ் கட்டணம் ஏறியது. கப்பல் வராத நாளில் துறைமுகக் கூலிக்கு வேலை ஏது? குண்டு பட்டது டாங்குக்கு, அடி விழுந்தது தினக்கூலிக்கு. நான் சொல்ல வந்த பாடம் இதுதான்: தூரத்துப் போர் நம்மிடம் வருவது பெரும்பாலும் குண்டாக அல்ல, பயமாக வந்து, பில்லாக மாறுகிறது. அந்த பில் கடைசியில், அதைக் கேள்வி கேட்க முடியாதவன் கைக்கே வந்து சேர்கிறது.

இதைப் பிரிட்டிஷ் அரசு நன்றாகவே புரிந்துவைத்திருந்தது. போர் தொடங்கிய ஆகஸ்டிலேயே, சங்கங்களில் சேர்ந்திருந்த தன் நாட்டுக் கப்பல்களின் போர் அபாயத்தில் 80 சதவீதத்தை அரசே ஏற்றுக்கொண்டது. சரக்குக்கும் அரசு இன்சூரன்ஸ் அலுவலகம் திறந்தது. கப்பலைக் காப்பாற்றுவதற்கு முன்பே, கப்பல் முதலாளியின் தைரியத்தைக் காப்பாற்றினார்கள். எம்டன் 1914 நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் அழிந்தது. அதுவரை பிரிட்டிஷ் வியாபாரம் தள்ளாடினாலும் விழாமல் நின்றதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

ஒருவருக்கு நஷ்டம், இன்னொருவருக்கு லாபம்

அதே போரில் இன்னொன்றும் நடந்தது. நம் மாகாணத்து வேர்க்கடலைக்குப் பெரிய சந்தை பிரான்சின் மார்செய் துறைமுகம். போர் வந்ததும் ஐரோப்பியச் சந்தை அடைபட்டு, கடலை போட்ட குடியானவன் விலை இல்லாமல் தவித்தான். ஆனால் பெரியமேட்டுத் தோல் மண்டிக்கும் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஷாப்புகளுக்கும் வேலை குவிந்தது. ராணுவ பூட்ஸுக்கு நம் பதனிட்ட தோல் தேவைப்பட்டது, பிரிட்டிஷ் அரசே மொத்தமாக வாங்கியது. ஒரே போர், ஒரே துறைமுகம், இரண்டு விதமான முடிவு. "போர் வந்தால் வியாபாரம் போகும்" என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. யாருக்கு விற்கிறோம், அவனுக்கு அந்தப் பொருள் எவ்வளவு அவசியம் என்பதைப் பொறுத்தது அது.

இரண்டாம் உலகப் போரில் பாடம் வேறு மாதிரி வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மா அரிசி வருவது நின்றுபோனது. ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்ததும் மதராஸில் அரசு அலுவலகங்களே வெளியூருக்கு மாறின. ஒரே இடத்திலிருந்து சோறு வந்தால், அந்த இடம் போனால் சோறும் போகும் என்பது அன்றைக்கு வீட்டுக்கு வீடு தெரிந்தது. பர்மாவின் கதை அதோடு முடியவில்லை. 1962-இல் அங்கே ராணுவ ஆட்சி வந்தது, அடுத்த சில ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆயின. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த நம்மவர்கள் கையில் இருந்ததை விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தார்கள். அவர்களுக்காக 1969-இல் உருவானதுதான் பீச் ஸ்டேஷன் எதிரே இருக்கும் பர்மா பஜார். அங்கே போய் பேரம் பேசும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மணலியில் ஓர் அதிசயக் கூட்டு

அதே 1969-இல் மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் ஓடத் தொடங்கியது. 1965-இல் அந்தக் கம்பெனியை ஏற்படுத்தியபோது பங்கு விகிதம் இப்படி: இந்திய அரசுக்கு 74 சதவீதம், அமெரிக்காவின் அமோகோவுக்கு 13, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13. அமெரிக்கனும் ஈரானியனும் ஒரே ஆலையில் பங்காளிகள்! அன்றைக்கு ஈரானில் ஷா ஆட்சி, இரண்டு நாடுகளும் நண்பர்கள். 1979-இல் ஈரானில் புரட்சி வந்தது, உறவு முறிந்தது. 1980-இல் ஈரான் - இராக் போர் மூண்டு எட்டு ஆண்டு நீடித்தது. 1985-இல் அமோகோ தன் பங்கை விட்டு விலகியது. ஈரான் தரப்பு இருந்துகொண்டது.

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயம் சொல்லியாக வேண்டும். சுத்திகரிப்பு ஆலை என்பது எந்த அரிசியையும் வேகவைக்கும் குக்கர் மாதிரி அல்ல. கச்சா எண்ணெயின் அடர்த்தி, அதில் உள்ள கந்தகம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் கோபுரங்களும் குழாய்களும் அமைக்கிறார்கள். மணலி ஆலை ஆரம்பத்தில் ஈரானிய எண்ணெயை மனதில் வைத்து அமைக்கப்பட்டது. ஓர் ஆலையின் குழாய்க்குள்ளேயே ஒரு வெளியுறவுக் கொள்கை ஓடுகிறது என்று சொன்னால் மிகையில்லை. வேறு எண்ணெய்க்கு மாற வேண்டுமானால் கலவை, கருவி, செலவு எல்லாம் மாறும். பின்னாளில் பல நாட்டு எண்ணெயைப் பயன்படுத்தும்படி ஆலையை விரிவாக்கியதுதான் அதைக் காப்பாற்றியது.

2012 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஈரான் எண்ணெய் ஏற்றும் கப்பல்களுக்குத் தன் கம்பெனிகள் இன்சூரன்ஸ் தரக்கூடாது என்று தடுத்தது. எண்ணெய் இருந்தது, வாங்க ஆள் இருந்தது, கப்பலும் இருந்தது. பாலிசி மட்டும் இல்லை! அப்போது நம் அரசுத் துறை இன்சூரன்ஸ் கம்பெனிகள் முன்வந்து ஓரளவு காப்பு கொடுத்தன. பணத்தின் ஒரு பகுதியை யூகோ வங்கி வழியாக ரூபாயில் செலுத்த ஏற்பாடு ஆயிற்று. 1914-இல் லண்டன் செய்ததை 2012-இல் டெல்லி செய்தது. ஆனாலும், அமெரிக்கத் தடை இறுகியதால் 2019 மே மாதத்தோடு ஈரான் எண்ணெய் வாங்குவதை இந்தியா நிறுத்திக்கொண்டது.

செங்கடலும் நம் ஷிப்டும்

சூயஸ் கால்வாய் 1967 ஜூன் 5 முதல் 1975 ஜூன் 5 வரை, முழுதாக எட்டு ஆண்டு, போரினால் மூடிக் கிடந்தது. கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் ஐரோப்பா போயின. அதெல்லாம் பழைய கதை என்று இருந்தோம். 2023 நவம்பரில் ஏமனின் ஹவுதிப் படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும், மறுபடியும் அதே நன்னம்பிக்கை முனை வழி. கூடுதலாகப் பத்து முதல் பதினான்கு நாள். அதுவரை கப்பல் மதிப்பில் 0.1 சதவீதத்துக்கும் கீழே இருந்த போர் அபாய பிரீமியம், 2024 தொடக்கத்தில் 0.7 முதல் 1 சதவீதம் வரை போனது. 10 கோடி டாலர் கப்பலுக்கு, ஒரு தடவை கடந்துபோக, ஒரு லட்சம் டாலருக்குள் இருந்தது பத்து லட்சம் வரை!

அந்தச் சமயத்தில் எங்கள் ஆலைக்கு வரவேண்டிய ஒரு பம்ப்பின் பாகம் நடுக்கடலில் இருந்தது. அது வந்து சேரும் வரை ஒரு பிரிவு ஓடவில்லை. மாதச் சம்பளக்காரர்களான எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கான்ட்ராக்ட் ஆட்களை மட்டும் "அப்புறம் கூப்பிடறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். அதில் இரண்டு பேர் தண்டையார்பேட்டைப் பையன்கள். செங்கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. நூற்றுப் பத்து வருஷம் கழித்தும் கணக்கு மாறவில்லை.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு

உங்களில் பலர் ஷிப்பிங், கிளியரிங், கொள்முதல், ஏற்றுமதி என்று இந்தப் பக்கத்து வேலைகளுக்கே வரப்போகிறீர்கள். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, நம் சரக்கு எந்தக் கடல் வழியாக வருகிறது? உலகப் படத்தில் விரல் வைத்துக் காட்டத் தெரிய வேண்டும்.

இரண்டு, ஒப்பந்தம் எஃப்.ஓ.பி.யா, சி.ஐ.எஃப்.பா? கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் யார் தலையில் என்பது அந்த மூன்றெழுத்தில் இருக்கிறது.

மூன்று, பாலிசியில் போர் அபாயம் சேர்ந்திருக்கிறதா? சாதாரண சரக்குப் பாலிசியில் அது சேராது, தனியாக வாங்க வேண்டும். வாங்கினாலும் பொதுவாக சரக்கு கப்பலில் இருக்கும் வரைதான் காப்பு. கரையில் இறங்கிய பிறகு கிடையாது. எம்டன் எரித்த டாங்குகள் நின்றது கரையில் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு, இந்த இடத்திலிருந்து வராவிட்டால் வேறு எங்கிருந்து வரும்? பர்மா அரிசியும் மணலி எண்ணெயும் சொல்லும் பாடம் இது. இரண்டாவது சப்ளையரிடம் விலை கொஞ்சம் அதிகம் என்று மேலதிகாரி முகம் சுளிப்பார். அந்த அதிக விலையும் ஒரு வகை பிரீமியம்தான் என்று பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

வேலையில் உயர்ந்து, முடிவெடுக்கும் நாற்காலியில் உட்காரும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. அபாயத்தைக் கணக்குப் போடும்போது கப்பல், சரக்கு, டாலர் எல்லாவற்றுக்கும் ஒரு வரி போடுகிறோம். சரக்கு வராத நாளில் கேட்டுக்கு வெளியே நிற்கும் கூலிக்காரனுக்கும் அதில் ஒரு வரி போடுங்கள். தாமத நாட்களுக்கு அரைக் கூலியாவது கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதினால், மொத்தச் செலவில் அது கடுகளவுதான்.

கல்மண்டபத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஹார்பர் பக்கம் போகும் ட்ரெய்லர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கண்டெய்னரும் எத்தனையோ நாட்டுச் சண்டை சமாதானங்களைத் தாண்டித்தான் இங்கே வந்து சேர்கிறது. அதைப் படித்துப் புரிந்துகொள்ள நம்மைவிட வசதியான இடத்தில் இருக்கும் மாணவர்கள் வேறு யாரும் இல்லை. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!