கனத்த இருதயமும் கனத்த நுகமும்

எகிப்தின் வாதைகளைக் குறித்து நம் சபைகளில் நிகழும் பிரசங்கங்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பற்றிச் செல்கின்றன. வாதை ஒவ்வொன்றும் எகிப்தின் எந்தத் தேவதையை வீழ்த்தியது என்று அட்டவணையிட்டுக் காட்டுவது ஒரு வழி. நைல் நதி ஆப்பிக்கு, தவளை எக்கேத்துக்கு, இருள் சூரியதேவனாகிய ரேக்கு என்று அது நீளும். இயற்கை விளக்கம் மற்றொரு வழி. கிரேட்டா ஹோர்ட் என்னும் அறிஞர் 1957, 1958 ஆகிய ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில், நைலின் மிகைவெள்ளம் அடித்துவந்த செம்மண்ணையும் செந்நிற நுண்ணுயிர்களையும் தொடக்கமாக வைத்து, வாதைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிறந்த தொடராக விளக்க முயன்றார்.

இரண்டையும் நாம் இகழவில்லை. எகிப்தின் தேவர்கள்மேலும் நியாயத்தீர்ப்பு வரும் என்று யாத்திராகமம் 12-ஆம் அதிகாரமே சொல்லுகிறது. எனினும் அத்தேவர்களில் ஒருவரின் பெயரையேனும் இவ்வதிகாரங்கள் கூறவில்லை. வாதைகள் பத்து என்று எண்ணவும் இல்லை. எண்ணிக்கை நாம் கூட்டிக் கண்டது. 105-ஆம் சங்கீதம் இருளை முதலில் வைக்கிறது; கொப்புளங்களையும் கொள்ளைநோயையும் சொல்லாமலே விடுகிறது. 78-ஆம் சங்கீதத்தின் வரிசை வேறு. ஆதலால் பட்டியலில் மட்டும் கருத்தைச் செலுத்துவோர், மூலநூல் எதன்மேல் கண் வைத்திருக்கிறதோ அதைத் தவறவிடக்கூடும். அதன் கண் அரசன்மேலும், அவன் சுமத்திய வேலையின்மேலும் இருக்கிறது.

அந்த அரசனுக்குப் பெயர் கொடுக்கப்படவில்லை. எபிரெய மருத்துவச்சிகளாகிய சிப்பிராளும் பூவாளும் பெயர் பெறுகிறார்கள். உலகப் பேரரசன் வெறும் 'பார்வோன்' என்றே நிற்கிறான். ராமசேஸ் என்னும் பட்டணத்தின் பெயரைக் கொண்டு, கி.மு. 1279 முதல் 1213 வரை ஆண்ட இரண்டாம் ராமசேஸ் அவன் எனப் பலர் கருதுவர். அவன் மகன் மெர்னெப்தாவின் வெற்றிக்கல்லை 1896-இல் பிளிண்டர்ஸ் பீட்ரி தீப்ஸ் நகரில் கண்டெடுத்தார். கி.மு. 1208-ஐ ஒட்டிய அக்கல்லில் இஸ்ரவேல் என்னும் பெயர் காணப்படுகிறது. எகிப்தின் ஆவணங்களில் அப்பெயர் வருவது அங்கேதான். விடுதலைப் பயணத்தைப் பற்றி அக்கல் ஒன்றும் சொல்லவில்லை. அது சொல்வதாகக் காட்ட முயல்வது நமக்கு வேண்டாத வேலை.

செங்கல் வேலையைப் பற்றியோ சான்றுகள் ஏராளம். மூன்றாம் துத்மோசேயின் தலைமை அமைச்சனாகிய ரெக்மிரேயின் கல்லறைச் சுவரில், அயல்நாட்டுச் சிறைகள் நீர் மொண்டு, மண் பிசைந்து, அச்சில் கல் அறுக்கும் ஓவியம் இன்றும் உள்ளது. பாரிஸ் லூவர் காட்சியகத்தில் இரண்டாம் ராமசேஸின் ஐந்தாம் ஆண்டைச் சேர்ந்த தோற்சுருள் ஒன்று இருக்கிறது. அதில் 40 மேற்பார்வையாளருக்குத் தலைக்கு 2,000 செங்கல் என்று இலக்கு குறிக்கப்பட்டிருக்கிறது. கல் அறுக்க ஆளும் இல்லை, வைக்கோலும் இல்லை என்று ஓர் அதிகாரி முறையிடும் பாப்பிரஸ் ஏடும் கிடைத்துள்ளது. யாத்திராகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தைப் படித்தவருக்கு இவை அந்நியமாய்த் தோன்றா. அங்கே மோசே முதன்முறை விண்ணப்பம் செய்தவுடன் வைக்கோல் நிறுத்தப்படுகிறது, கணக்கோ குறைக்கப்படவில்லை. ஜனங்கள் சோம்பலாயிருக்கிறார்கள், வேலை இன்னும் பாரமாகட்டும் என்பது அரசனின் கட்டளை.

இக்கட்டளையில் வரும் எபிரெயச் சொல்லின்மேல் சற்றே தங்குவோம். 'காபேத்' என்பது அதன் வேர். கனத்தல், பாரமாதல் என்று பொருள்படும். வேலையைக் கனக்கச்செய்தவன் பார்வோன். இரண்டு அதிகாரம் கடந்து, அவனது இருதயமே 'காபேத்' ஆயிற்று என்று ஆசிரியர் எழுதுகிறார். பின்னர் வண்டுகள் வருகின்றன, 'காபேத்'. கொள்ளைநோய் வருகிறது, மிகவும் 'காபேத்'. கல்மழையும் அவ்வாறே, வெட்டுக்கிளியும் அவ்வாறே. இறுதியில் செங்கடலின் நடுவே இரதங்கள் உருள மாட்டாமல் வருத்தத்தோடே ஓடின என்னுமிடத்திலும் இதே வேர் ஒளிந்திருக்கிறது. பார்வோனால் நான் மகிமைப்படுவேன் என்று கர்த்தர் சொல்லும் சொல்லும் இவ்வேரிலிருந்து பிறந்ததே. அடிமையின் தோளில் ஏற்றப்பட்ட பாரம் அரசனின் நெஞ்சிலும், அவன் வயலிலும், அவன் சக்கரத்திலும் வந்து இறங்குகிறது. நியாயத்தீர்ப்பு என்பது யாதென்று ஆசிரியர் தனியே விளக்கவில்லை. ஒரு சொல்லை நடக்கவிட்டுக் காட்டுகிறார்.

இது தமிழ் வாசகருக்குப் புலப்படுவதில்லை. மூலத்தில் பார்வோனின் இருதயத்தைக் குறித்து 20 இடங்களில் மூன்று வினைகள் வருகின்றன. வலுத்தல் என்னும் 'ஹாசாக்' 12 முறை, கனத்தல் என்னும் 'காபேத்' 6 முறை, கடினமாதல் என்னும் 'காஷா' 2 முறை. பவர் ஐயரின் தலைமையில் 1871-இல் வெளிவந்த நம் திருப்புதல் பெரும்பாலும் 'கடினம்' என்னும் ஒரே சொல்லால் மூன்றையும் மூடிவிடுகிறது. மொழிபெயர்த்தோரைக் குறைகூறுவது எளிது. அவர்தம் இடர்ப்பாடு பெரிது. தமிழில் 'நெஞ்சு கனத்தது' என்றால் துயரம். எபிரெயத்திலோ கனத்த உறுப்பு என்பது தன் தொழிலைச் செய்யாத உறுப்பு. முதிர்ந்த யாக்கோபின் கண்கள் கனத்திருந்தன, அவன் பார்க்கவில்லை. மோசேயின் நாவு கனத்தது. நம் திருப்புதல் அதனை 'மந்தநாவு' என்று அழகாகவே சொல்லிற்று. பார்வோனின் இருதயம் கனத்ததென்றால், அது கேளாத இருதயம் என்க. அவன் செவிகொடாமற் போனான் என்று பலமுறை கூடவே சொல்லப்படுவது இதனாலேயே.

எகிப்தியர் இறந்தோரின் இருதயத்தை மாஆத் தேவதையின் இறகோடு தராசில் நிறுத்த கதையை இங்கே சிலர் நினைவூட்டுவர். பொருத்தம் இனியது, ஆனால் ஆசிரியர் அதனை எண்ணி எழுதினார் என்று நாம் துணிந்து கூறோம்.

கர்த்தரே கடினப்படுத்தினாராயின் அரசன்மேல் குற்றம் ஏது என்று மாணவர் ஆண்டுதோறும் நம்மைக் கேட்பர். முதல் ஐந்து வாதைகளின் முடிவில் பார்வோனே தன் இருதயத்தைக் கடினப்படுத்துகிறான், அல்லது அது கடினப்பட்டது என்று மட்டும் சொல்லப்படுகிறது. ஆறாவதில்தான் கர்த்தர் எழுவாயாகிறார் என்று நாம் விடை கூறுவது வழக்கம். அது மெய்யே. ஆயினும் கல்மழைக்குப் பின் மீண்டும் பார்வோனே எழுவாயாகிறான். அதற்கு முன்பே, நான்காம் அதிகாரத்திலேயே, கர்த்தர் தாம் செய்யப்போவதை மோசேக்கு அறிவித்திருக்கிறார். ஆகவே நம் ஒழுங்கான விடை மூலத்தைவிடச் சற்று அதிக ஒழுங்குடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதைவிடக் கடினமான கேள்வியை ஒருமுறை வகுப்பில் ஒரு மாணவர் எழுப்பினார். ஏந்திரம் அரைக்கும் அடிமைப்பெண்ணின் தலைப்பிள்ளை என்ன குற்றம் செய்தது? காவற்கிடங்கில் கிடந்த சிறையாளியின் தலைப்பிள்ளை யாரை ஒடுக்கிற்று? அன்று நம்மிடம் விடை இல்லை. இன்றும் முழு விடை இல்லை. மூலநூல் இவர்களை மறைக்காமல் பெயரிட்டுச் சுட்டுகிறது என்பதை மட்டும் கவனிக்கிறோம். எகிப்து அழிந்துபோயிற்றென்று இன்னும் அறியவில்லையா என்று பத்தாம் அதிகாரத்தில் அரசனின் ஊழியக்காரரே கேட்கிறார்கள். அதற்கு முன்பே அவர்களில் சிலர் கர்த்தருடைய வார்த்தைக்குப் பயந்து, தங்கள் மிருகஜீவன்களை வீடுகளுக்குள் ஓட்டிக் காத்துக்கொண்டனர். எகிப்தியர் எல்லாரும் ஒருபடித்தானவர் அல்லர். ஒருவன் செவிகொடாமற்போன கனத்தை ஒரு தேசம் சுமந்தது.

இக்கதை எகிப்தோடு முடிந்திருந்தால், அயல்தேசத்துக் கொடுங்கோலனைப் பற்றிய பழங்கதையாகவே நின்றிருக்கும். நம் பிரசங்கங்களும் பார்வோனை மதிலுக்கு வெளியே நிறுத்தியே பழகிவிட்டன. எபிரெய வரலாற்றாசிரியர் அவனை வெளியே நிறுத்தவில்லை.

சாலொமோன் பார்வோனின் மருமகன். எகிப்திலிருந்து குதிரைகளையும் இரதங்களையும் வரவழைத்தவன். அவன் இஸ்ரவேலரில் பிடித்த அமஞ்சி ஆட்கள் 30,000 பேர் என்று 1 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரம் கூறும். ஒன்பதாம் அதிகாரம் இஸ்ரவேலரில் ஒருவரையும் அவன் அடிமையாக்கவில்லை என்கிறது. இவ்விரண்டையும் இசைவிக்க முயன்ற உரைகள் பல. யெரொபெயாமின் கலகம் நிகழ்ந்ததே ஜனங்கள் எவ்வாறு உணர்ந்தனர் என்பதற்குப் போதிய சான்று. சாலொமோன் கட்டிய பண்டசாலைப் பட்டணங்களுக்கு எபிரெயத்தில் வழங்கும் சொற்றொடர், பித்தோம், ராமசேஸ் ஆகியவற்றுக்கு வழங்கிய அதே சொற்றொடராகும். யோசேப்பு வம்சத்தாரின் சுமைவேலைக்குத் தலைவனாக நியமிக்கப்பட்டவன் யெரொபெயாம். அச்'சுமை'யும் யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்துச் சொல்லே. அரசன் அவனைக் கொல்ல வகைதேடியபோது அவன் எங்கே ஓடினான்? எகிப்துக்கு! அங்கே சீஷாக் என்னும் பார்வோன் அவனுக்கு அடைக்கலம் தந்தான்.

கி.மு. 930-ஐ ஒட்டிச் சாலொமோன் மரித்தபின், ரெகொபெயாமை அரசனாக்கச் சீகேமில் இஸ்ரவேல் கூடிற்று. உம் தகப்பன் எங்கள் நுகத்தைப் பாரமாக்கினார் என்று அவர்கள் முறையிட்டதில் 'காபேத்' வருகிறது. கடினமான வேலையை இலகுவாக்கும் என்று கேட்டதில், எகிப்தின் கொடிய வேலைக்கு வழங்கிய தொடரே மீண்டும் வருகிறது. இந்த ஜனத்திற்கு இன்று ஊழியனாயிரும் என்றனர் முதியோர். தகப்பன் பாரமாக்கினால் நீர் இன்னும் கூட்டும் என்றனர் உடன்வளர்ந்த வாலிபர். வைக்கோலை நிறுத்திய பார்வோனின் அறிவும் அவ்வளவே. அரசன் ஜனங்களுக்குச் செவிகொடாமற் போனான். அது கர்த்தரால் நேர்ந்தது என்றும் ஆசிரியர் உடனே சேர்க்கிறார். பார்வோனைக் குறித்து நம்மை இடறச்செய்த அதே வாக்கு, தாவீதின் பேரனைக் குறித்தும் கூசாமல் சொல்லப்படுகிறது.

இங்கே வாதை எதுவும் வரவில்லை. தண்ணீர் இரத்தமாகவில்லை, பகல் இருளாகவில்லை. ரெகொபெயாம் அமஞ்சிக்குத் தலைவனாகிய அதோராமை ஜனங்களிடம் அனுப்பினான். அந்த வேளையில் அனுப்பத் தகாத ஆள் ஒருவன் உண்டென்றால் அவன் அதோராமே. இஸ்ரவேலர் அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். அரசன் தீவிரமாய் இரதத்தில் ஏறி எருசலேமுக்கு ஓடிப்போனான். செங்கடலில் உருள மாட்டாமற்போன பார்வோனின் இரதங்களுக்கு வழங்கிய சொல்லே, அவன் ஏறிய இரதத்துக்கும் எபிரெயத்தில் வழங்குகிறது.