சிவகாசித் தீப்பெட்டிப் படம் கான் போன கதை

நூலகங்கள் பெரும்பாலும் வரவு வைக்காத அச்சு ஒன்று உண்டு. தீப்பெட்டிமேல் ஒட்டியிருக்கும் படம். இரண்டு அங்குலம் தாண்டாத தாள். குச்சி தீர்ந்ததும் பெட்டியோடு குப்பைக்குப் போய்விடும்.

முதலில் அது சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்தது. நம்மவர் வாங்க வேண்டுமென்று நம் சாமி படங்களை அவர்களே அச்சடித்து அனுப்பினார்கள். 1920களில் இறக்குமதி வரி ஏறியதும் சுவீடன் நிறுவனம் ‘விம்கோ’வைத் தொடங்கி, பம்பாய் அருகே அம்பர்நாத்தில் ஆலை போட்டது. அதே காலத்தில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் பழகித் திரும்பினார்கள். தீப்பெட்டி வந்தது, லேபிள் அடிக்க லித்தோ அச்சகங்கள் வந்தன. ஊரின் காலண்டர் தொழிலுக்கே வேர் அங்கேதான்.

மயில், ரயில், தாமரை, புலியோடு மல்லுக்கட்டும் வீரன். இவற்றை வரைந்தவர்களின் பெயர் எந்தப் பெட்டியிலும் கிடையாது. மூன்று நான்கு வண்ணத்தில், கட்டைவிரல் அகலத்தில் ஒரு உலகத்தை அடக்கியவர்கள் அவர்கள். நம் கலை வரலாறு அவர்களை இவ்வளவு எளிதாகக் கடந்திருக்கக் கூடாது.

சாத்தூர், கோவில்பட்டி வீடுகளில் பெண்கள் ஒட்டிய பெட்டிகள் நாடெங்கும் போயின. பம்பாயின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழருக்கு ஊர்ப் பெயர் பொறித்த அந்தப் பெட்டி அடுப்படியிலேயே இருந்தது. பிள்ளைகள் பிய்த்துச் சேர்த்தது போக மிச்சம் பழைய காகிதக்காரரிடம் போனது.

அந்தச் சின்னப் படங்களுக்குள் நுழைந்து பார்த்தவர் மும்பையின் அசைவூட்டப் பட இயக்குநர் கீதாஞ்சலி ராவ். ஜே.ஜே. கலைக் கல்லூரியில் படித்தவர். அசைவூட்டக் கலைஞர் ராம் மோகனின் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். கீதாஞ்சலியின் ‘பிரிண்டட் ரெயின்போ’ 15 நிமிடப் படம். ஒவ்வொரு சட்டகமாகக் கையால் வண்ணம் தீட்ட ஆண்டுக் கணக்கில் ஆனது.

பெருநகர அடுக்ககத்தில் ஒரு மூதாட்டியும் பூனையும். அவர்கள் நாள் முழுக்கச் சாம்பல் நிறம். சேர்த்து வைத்த தீப்பெட்டி ஒன்றை அவர் எடுத்துப் பார்க்கிறார். படம் விரிகிறது, வண்ணம் வெள்ளமாகப் பாய்கிறது, அவரும் பூனையும் உள்ளே போய்விடுகிறார்கள். அடுத்த பெட்டியில் வேறு உலகம். ஒட்டுப்பட ஏட்டில் பக்கத்துக்குப் பக்கம் தாவுவதுபோல் கதை ஓடுகிறது. தீப்பெட்டியை அழகுப் பொருளாக அலமாரியில் வைக்காமல், தனிமையில் வாடும் ஒருவருக்கு வாசலாக்கியதுதான் இந்தப் படத்தின் பெருமை என்று நினைக்கிறேன்.

2006 கான் திரைப்பட விழாவின் ‘விமர்சகர் வாரம்’ பிரிவில் அது சிறந்த குறும்படத்துக்கான கோடக் விருது பெற்றது.

லேபிள் இன்னும் அச்சாகிறது. ஆனால் பழைய அச்சகங்களின் கணக்கேடுகள் எடைக்குப் போவதற்குள் யாராவது சிவகாசியில் உட்கார்ந்து புரட்ட வேண்டும். மயிலையும் புலியையும் வரைந்தவர்களுக்குக் கூலி கொடுத்த பக்கங்கள் அவற்றில் இருக்கலாம்.