ஒரு மங்கல் ஒளியின் வரலாறு

நிலவில்லாத நவம்பர் இரவில், நகர வெளிச்சம் எட்டாத இடத்தில் நின்று வடவானை நோக்கினால், ஆண்ட்ரோமீடா விண்மீன் தொகுதியில் புகை படிந்தாற்போன்ற சிறு மங்கல் ஒன்று தென்படும். கருவியேதுமின்றி நம்மில் பெரும்பாலோர் காணக்கூடிய மிகத் தொலைவான பொருள் அதுவே.

பெர்சிய வானியலாளர் அல்-சூஃபி 964இல் அதனைச் சிறு மேகம் என்று குறித்து வைத்தார். 1764இல் சார்ல் மெஸ்ஸியே, வால்மீன் தேடுவோரைக் குழப்பக்கூடிய பொருள்களின் பட்டியலில் அதை 31ஆவதாகச் சேர்த்தார். அது நம் பால்வீதிக்குள் இருக்கும் வாயுத்திரளா, தனியொரு விண்மீன் மண்டலமா? 1920இல் வாஷிங்டனில் ஷாப்லியும் கர்ட்டிஸும் இதைக் குறித்து வாதிட்டனர், முடிவு எட்டப்படவில்லை. தொலைவை அளக்காமல் வாதத்தைத் தீர்க்க வழியில்லை.

அளவுகோலோ முன்பே தயாராக இருந்தது. ஹார்வர்டு வானாய்வகத்தில் சொற்பக் கூலிக்கு ஒளிப்படத் தகடுகளை ஆராய்ந்துவந்த ஹென்றியெட்டா லெவிட், சில விண்மீன்கள் ஒளி கூடிக் குறையும் காலத்திற்கும் அவற்றின் உண்மைப் பிரகாசத்திற்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தார். 1912இல் அது வெளியானபோது கட்டுரையில் கையொப்பமிட்டவர் ஆய்வக இயக்குநர் பிக்கரிங். 1923 அக்டோபரில், வில்சன் மலையின் 100 அங்குலத் தொலைநோக்கியில் எடுத்த தகட்டில் எட்வின் ஹப்பிள் அத்தகைய விண்மீன் ஒன்றை ஆண்ட்ரோமீடாவில் இனங்கண்டார். லெவிட்டின் விதியைக் கொண்டு கணக்கிட்டபோது ஏறத்தாழ ஒன்பது லட்சம் ஒளியாண்டுகள் என்று விடை வந்தது. பால்வீதியே பிரபஞ்சம் என்ற எண்ணம் அத்துடன் முடிந்தது. லெவிட் 1921இலேயே மறைந்துவிட்டார். 1925இல் அவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்க விரும்பி ஸ்வீடனிலிருந்து ஒரு கணிதவியலாளர் எழுதிய கடிதம், உரியவர் இல்லாத முகவரிக்கே வந்து சேர்ந்தது.

ஹப்பிளின் கணக்கிலும் குறை இருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது லாஸ் ஏஞ்சலஸ் நகர விளக்குகள் மங்கவைக்கப்பட, அந்த இருளில் வால்ட்டர் பாடே ஆண்ட்ரோமீடா மையத்தின் விண்மீன்களைத் தனித்தனியே பிரித்துக் கண்டார். அவ்வழியே தொடர்ந்த ஆய்வால், 1952இல் அதன் தொலைவு இருமடங்காயிற்று. இன்றைய மதிப்பு சுமார் 25 லட்சம் ஒளியாண்டுகள். அதன் நடுவே, சூரியனைப்போல் பத்துக் கோடி மடங்குக்கும் மேற்பட்ட நிறையுடைய கருந்துளை இருப்பதையும் இன்று அறிவோம்.

கருந்துளை நம் கண்ணுக்கு அகப்படாது. மங்கல் ஒளியோ ஒரு சாதாரண பைனாகுலரில் நீள்வட்டமாய் விரியும். அதற்குத் தேவையானது இருட்டு ஒன்றே. போர் மூண்டால்தான் அது கிடைக்கும் என்ற நிலைக்கு நம் நகரங்களை நாம் கொண்டுவந்துவிட்டோம்.