சங்கரதாசு சுவாமிகள் நினைவிடம், கருவடிக்குப்பம்

சங்கரதாசு சுவாமிகள் நினைவிடம் என்பது தமிழ் இசை நாடக ஆசிரியரான தூத்துக்குடி சங்கரதாசு சுவாமிகள் (செப்டம்பர் 7, 1867 – நவம்பர் 13, 1922) அடக்கம் செய்யப்பட்ட இடமாகும். இது புதுச்சேரி நகரின் வடபகுதியான கருவடிக்குப்பத்தின் இடுகாட்டில் உள்ளது. ஊர் ஊராகச் சென்று கொட்டகை போட்டு நடத்தப்பட்ட ஒரு கலைக்கு நிலையான இடம் என்று சொல்லத்தக்கவை மிகக் குறைவு. அவற்றுள் இந்த நினைவிடம் முதன்மையானது. பாரதியாரின் குயில் தோப்பும் சித்தானந்த சுவாமிகள் கோயிலும் இதே கருவடிக்குப்பத்தில் உள்ளமையால், அவற்றைக் காண வருவோர் பலர் இதனை அறியாமலேயே திரும்பிவிடுவதுண்டு.

சுவாமிகளின் வாழ்க்கை

சுவாமிகள் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். சிறிது காலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கராகப் பணியாற்றியபின், 1891இல் தம் 24ஆம் அகவையில் நாடகத்துறைக்கு வந்தார். அதே ஆண்டில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்கள் பொழுதுபோக்காக நடித்த சபை அது. சுவாமிகள் சேர்ந்ததோ நடிப்பையே பிழைப்பாகக் கொண்டவர்களின் உலகம். இருவரும் ஒரே காலத்தில் இரு வேறு வழிகளில் தமிழ் நாடகத்தை வளர்த்தனர்.

தொடக்கத்தில் இயமன், இராவணன், இரணியன், சனீசுவரன் முதலிய வேடங்களில் சுவாமிகள் நடித்தார். அவருடைய வேடத்தின் கடுமையைக் கண்டு அஞ்சிய கருவுற்ற பெண் ஒருவருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டதாகவும், அதன்பின் அவர் நடிப்பதை விட்டு ஆசிரியராக மட்டும் இருந்ததாகவும் கூறப்படுகிறது. புதுக்கோட்டை கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையிடம் பெற்ற இசைப்பயிற்சி அவருடைய பாடல்களில் தாளக்கட்டு செம்மையாக அமையக் காரணமாயிற்று.

பாலர் சபைகள்

வயது வந்த நடிகர்களிடம் ஒழுங்கை நிலைநாட்டுவது அக்காலத்தில் அரிதாக இருந்தது. பாடத்தை மாற்றிப் பேசுதல், குறித்த நேரத்திற்கு வாராமை, குடிப்பழக்கம் ஆகியவற்றால் நாடகங்கள் சீர்குலைந்தன. எனவே சிறுவர்களைக் கொண்ட சபைகள் தோன்றின. சுவாமிகள் 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையை அமைத்தார். எஸ். ஜி. கிட்டப்பா இச்சபையில் பயின்றவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை உருவானது. டி. கே. எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக இதில்தான் சேர்ந்தனர்.

சிறுவன் டி. கே. சண்முகத்திற்காகச் சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தைப் பாடல்களும் உரையாடலுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சண்முகமே பிற்காலத்தில் பதிவு செய்துள்ளார். இச்சபைகளில் சிறுவர்கள் வீட்டைப் பிரிந்து, விடுமுறையின்றி, அடி உதைக்கு இடையே பயின்றனர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

நாடகங்கள்

வள்ளி திருமணம், பவளக்கொடி, அல்லி அர்ச்சுனா, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், சதி சுலோசனா, பிரகலாதன் முதலியவை சுவாமிகளின் புகழ்பெற்ற நாடகங்கள். சேக்சுபியரின் சிம்பலைன் நாடகத்தையும் அவர் தமிழாக்கினார். நாடகங்களின் எண்ணிக்கையை நாற்பது என்பாரும் அறுபத்தெட்டு என்பாரும் உளர். அவற்றிற் சிலவே இன்று கிடைக்கின்றன. அச்சிடுவதில் சுவாமிகள் அக்கறை காட்டவில்லை. மலிவுப் பதிப்புகளாக வெளிவந்தவற்றில் பிழைகள் மலிந்திருந்தன. எழுதியது நடிகர்களின் நினைவில் இருந்தால் போதும் என்பதே அக்காலச் சபைகளின் வழக்கம். இழப்புக்கும் அதுவே காரணமாயிற்று.

அவருக்கு முந்திய கூத்து மேடைகளில் பாட்டு மிகுந்தும் உரையாடல் நடிகரின் விருப்பப்படியும் இருந்தது. சுவாமிகள் வெண்பா, விருத்தம், கீர்த்தனை, சிந்து, கும்மி ஆகியவற்றுடன் உரைநடை உரையாடலையும் வரையறுத்துக் கொடுத்தார். இந்துத்தானி, பார்சி மெட்டுகளையும் ஏற்றுக்கொண்டார்.

சிறப்பு நாடகம்

இவ்வாறு பாடம் வரையறுக்கப்பட்டதன் பயன் சிறப்பு நாடகத்தில் தெளிவாகத் தெரியும். நடிகர்கள் இதனை ஸ்பெஷல் நாடகம் என்பர். இதில் நிலையான குழு இல்லை. கோயில் திருவிழாவிற்கு நாடகம் வைக்கும் ஊரார் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், நாரதர், ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர் என ஒவ்வொருவரையும் தனித்தனியே ஒப்பந்தம் செய்வர். வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் இவர்கள் ஒத்திகை ஏதுமின்றி அன்றிரவே மேடையேறுவர். முன்பின் கண்டிராத இருவர் வள்ளியாகவும் வேலனாகவும் விடியும்வரை தருக்கம் செய்ய முடிவதற்குக் காரணம், இருவரும் சுவாமிகளின் பாடத்தை மனப்பாடமாக அறிந்திருப்பதே. எந்தப் பாட்டுக்கு எந்தப் பாட்டு மறுமொழி என்பது இருவருக்கும் தெரியும். இடையிலுள்ள பேச்சை அவரவர் திறமைக்கேற்ப விரித்துக்கொள்வர். பபூன் மட்டும் அன்றாடச் செய்திகளைப் பேசிச் சிரிக்க வைப்பார்.

கிட்டப்பா வேலனாகவும் கே. பி. சுந்தராம்பாள் வள்ளியாகவும் பாடியது இம்முறையில்தான். பேசும்படம் வந்தபின் இக்கலைஞர்களுள் புகழ்பெற்றவர்கள் திரைக்குச் சென்றனர். மேடையில் பெயர் பெற்றிருந்த பவளக்கொடி, 1934இல் எம். கே. தியாகராஜ பாகவதரின் முதல் திரைப்படமாக வெளிவந்தது. எனினும் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் வட்டாரங்களில் சிறப்பு நாடகம் தொடர்ந்து நடைபெறுகிறது. ஆண்டின் சில திருவிழா மாதங்களில் கிடைக்கும் வருவாயைக் கொண்டே பல கலைஞர்கள் ஆண்டு முழுவதையும் ஓட்டுகின்றனர். குறிப்பாகப் பெண் கலைஞர்கள், இரவில் ஆடவரோடு மேடையேறுபவர் என்ற காரணத்தால் ஏளனத்திற்கு உள்ளாகின்றனர். அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் 2005இல் வெளியிட்ட ஆய்வுநூல் இதனையே முதன்மைப் பொருளாகக் கொண்டது.

இலங்கையில்

தமிழகக் குழுக்களின் வருகையால் யாழ்ப்பாணத்திலும் இம்மரபு வேரூன்றியது. அங்கு இது இசை நாடகம் என்றே வழங்குகிறது. காங்கேசன்துறை வசந்த கான சபையின் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திர மயான காண்டத்தில் நடித்துப் பெரும்புகழ் பெற்றார்.

மறைவும் நினைவிடமும்

வாழ்வின் இறுதியில் சுவாமிகள் பக்கவாதத்தால் தாக்குண்டார். பேச்சும் கைகால்களும் தளர்ந்த நிலையில், 1922 நவம்பர் 13 அன்று, அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் காலமானார். அக்காலத்தில் நாடகக் குழுக்கள் முகாமிட்ட ஊர்களுள் புதுச்சேரியும் ஒன்றாக இருந்தது. திருமணம் செய்துகொள்ளாத அவரை, வழித்தோன்றல் முறையில் அல்லாமல், மாணவர் வழியிலேயே நாடக உலகம் நினைவில் வைத்துக்கொண்டது. டி. கே. சண்முகம் அவருடைய வரலாற்றை எழுதினார். மதுரை தமுக்கத்தில் சுவாமிகளுக்குச் சிலை உள்ளது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் 1988இல் இந்திரா பார்த்தசாரதியை இயக்குநராகக் கொண்டு தொடங்கப்பட்ட நிகழ்கலைப் பள்ளிக்கும் சுவாமிகளின் பெயரே சூட்டப்பட்டது.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் சுவாமிகளின் நினைவு நாளையொட்டிக் கருவடிக்குப்பத்தில் குருபூசை நடைபெறுகிறது. புதுச்சேரியிலிருந்தும் தமிழ்நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நாடகக் கலைஞர்கள் வந்து நினைவிடத்திற்கு மாலை அணிவித்து வழிபடுகின்றனர்.